சீரங்காயி கொடுத்த தோல்

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த சீரங்காயிக்கு, 1959 மழைக்காலத்தில் முழங்கை மடிப்பில் அரிப்பு கண்டது. பிறகு கழுத்துக்கு ஏறியது. விரலிடுக்குகளில் தோல் வெடித்து நீர் கசிந்தது. ஈரக் கொழுந்துதான் காரணம் என்றாள் அவள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வேறு பெயர் சொன்னார்கள்: பெரிய வியாதி, அதாவது தொழுநோய்.

அந்தப் பெயரே அவளைப் பயமுறுத்தியது. அந்த வியாதி என்று தெரிந்ததும் கீழ் லயத்து மாயாண்டியைக் கொழும்புப் பக்கம் கொண்டுபோனார்கள்; அவன் திரும்பவேயில்லை. மலைநீர் விழும் பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போகும்வரை சீரங்காயி ஒதுங்கி நின்றாள். ஒருநாள் தன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதன் முழங்கை மடிப்பிலும் அதே சிவப்பு.

"புள்ளைய எங்கிட்டயிருந்து பிரிச்சிருவாங்களோ?" என்று கணவனைக் கேட்டாள்.

"மறைச்சு வச்சு என்னா ஆகப்போவுது? வா, போய்க் காட்டிருவோம்," என்றான் ஆண்டியப்பன்.

ஆஸ்பத்திரியில் தோல் வியாதிகளை ஆராய்ந்துவந்த டாக்டர் சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் கையை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பெரிய வியாதி வந்த தோலுக்குத் தொடுவது தெரியாது என்று கேள்விப்பட்டிருந்தாள்; ஒரு இடம் தவறினாலும் தன் கதை முடிந்தது என்று அவளுக்குப் பயம்.

"தெரியுதுங்க... தெரியுதுங்க..."

"நீங்கள் நினைக்கிற அந்தப் பெரிய வருத்தம், தொழுநோய், இல்லை. இது கரப்பான். ஒருத்தருக்கும் தொத்தாது," என்றார் அவர். "ஆனா உங்கட தோலிலை ஒரு சின்னத் துண்டு எனக்கு வேணும்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "எதுக்குங்கய்யா?"

"தோலிலை ஒரு புரதம் இருக்கு. நகத்திலை, மயிரிலை இருக்கிற மாதிரி. சில பேருக்குத் தோல் ஏன் இப்பிடி வெடிக்குது, தாயிட்டையிருந்து பிள்ளைக்கும் ஏன் வருகுதெண்டு இன்னும் விளங்கேல்லை. அதைத்தான் படிக்கிறன்."

"பாப்பாவையும் வெட்டுவீங்களா?"

"இல்லை, உங்களிட்டை மட்டும்தான்."

"அப்ப எவ்வளவு வேணும்னாலும் என்கிட்ட எடுத்துக்கங்க," என்று கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

களிம்பில் அவளுடைய புண்கள் ஆறின. மறுவருடம் போய், காரணம் தெரிந்ததா என்று கேட்டபோது, "இன்னும் பிடிபடேல்லை, அம்மா," என்றார் டாக்டர். குழந்தைக்கோ மழை தொடங்கினால் மடிப்புகள் சிவந்தன.

சில வருடம் கழித்து மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் அந்தச் சின்னக் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுதவைத்தார். சீரங்காயி எழுத்தைப் பார்க்கவில்லை; அவர் கையை உதறுகிறாரா என்று பார்த்தாள். அவர் உதறவில்லை. ஆனாலும் பள்ளி விடும்வரை அவள் வாசலைவிட்டு நகரவில்லை.