விற்கக் கூடாத பால்

எங்கள் எஸ்டேட்டில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பால் கொடுத்தார்கள் என்று அண்ணன் எங்காவது பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார். கேட்கிறவர்கள், "அந்தக் காலத்துத் துரைமார் எவ்வளவு நல்லவர்கள்" என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. எனக்கு எப்போதுமே நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அதோடு, அந்தப் பாலை நினைத்ததுமே வாயில் எச்சில் ஊறுகிறது. விழுங்க அல்ல, துப்ப.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு பந்தலூரைத் தாண்டி கேரள எல்லையை ஒட்டிய ஒரு தனியார் எஸ்டேட்டில் எங்களைச் சேர்த்தார்கள். அண்ணனும் அண்ணியும் மலைக்கு வேலைக்குப் போனார்கள். நான் எட்டாவது வரை படித்திருந்ததால், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில் என்னை ஆயாவாகப் போட்டார்கள். பலகையில் 'கிரச்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சிலோனில் சொன்னது போலவே பிள்ளை மடுவம் என்றார்கள்.

அண்ணியின் மகனும் என்னிடம்தான் இருந்தான். முகாமில் வயிற்றுப்போக்கு வந்து இளைத்துப் போனவன். நடக்க வேண்டிய வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான், உடனே உட்கார்ந்துவிடுவான். அவனைத் தேற்றி எடுக்க வேண்டும் என்பதைத் தவிர அண்ணிக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

துரை பங்களாவில் மூன்று சீமை மாடுகள் இருந்தன. ஒரு நாள் கால்நடை டாக்டர் ஜீப்பில் வந்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் கழுத்தில் உள்ளங்கை அளவுக்கு மயிரைச் சிரைத்து ஊசி போட்டார். பிறகு ஒரு நாள் வந்து, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று இடுக்கி போன்ற ஒன்றால் பிடித்து அளந்தார். பாதையில் போகும்போது பார்த்த நாங்கள் அதைத் தடுப்பூசி என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் பங்களா பட்லர் மடுவத்துக்கு வந்தார். பின்னால் மாட்டுக்காரர் கேனைத் தூக்கி வந்தார்.

"துரை உத்தரவுங்க. இனி மூணு மாட்டுப் பாலும் இங்கத்த புள்ளைங்களுக்குத்தான். காசு ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் காலைப் பிரட்டில், ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் இடத்தில், கங்காணி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினோம். திரும்பி வரும்போது அண்ணி சொன்னார்:

"சிலோன்ல தொரை ஊட்டு நாய்க்கித்தான் பாலு. இங்க நம்ம புள்ளைங்களும் நாய் அளவுக்கு வந்துருச்சுங்க. பெரிய ஏத்தம்தான்!"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பால் காலையில் கறந்த கையோடு வரும். நான் காய்ச்சித்தான் கொடுப்பேன். ஆனால் நோஞ்சான் பிள்ளைகளின் அம்மாமார் பிரட்டுக்குப் போகுமுன் டம்ளரோடு வந்து நிற்பார்கள். மடியின் சூடு ஆறுவதற்குள் பச்சையாகக் குடித்தால்தான் உடம்பில் ஒட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அண்ணி எல்லோருக்கும் முன்னால் நிற்பார். நுரையோடு முகந்து மகனின் வாயில் வைப்பார். அவன் மூச்சு விடாமல் குடித்துவிட்டு மேலுதட்டில் வெள்ளை மீசையோடு இன்னும் கேட்பான். கொஞ்ச நாளில் சுவரை விட்டு நாலடி நடந்தான். அண்ணி பங்களா இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

காய்ச்சிய பாலில் ஆடை கனமாகப் படியும். அதை வழித்துச் சர்க்கரை போட்டு நான் சாப்பிடுவேன். அந்த வயதில் எனக்கு அதைவிட ருசியான ஒன்று தெரியாது.

ஒரு முற்பகல் கால்நடை டாக்டர் மடுவத்து வாசலில் ஜீப்பை நிறுத்தினார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க அம்மிணி, கை கழுவக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

சோப்பும் தண்ணீரும் கொடுத்தேன். நுரை போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்புப் பக்கம் பார்த்தார்.

"அது பங்களாக் கேனாச்சுங்களே. இங்கெதுக்கு வந்துச்சு?"

"தொரை குடுக்குறாங்க. புள்ளைங்களுக்கு."

அவர் கை நின்றது.

"மூணு மாட்டுக்கும் டிபி இருக்குதுங்க. கழுத்துல ஊசி போட்டுப் பாத்த டெஸ்டுல தெரிஞ்சு போச்சு. தனியாக் கட்டோணும், பாலை விக்கக் கூடாதுன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். பங்களாவுக்கு இப்பக் கூடலூர்ல இருந்து பாட்டில்ல பால் வருதுங்களே, பாக்கலையா?"

பார்த்திருந்தேன். பங்களா வாசலில் காலிப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு எதற்குப் பாட்டில் பால் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"விக்கக் கூடாதுன்னா, சும்மா குடுக்கலாங்களா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "வித்தாத்தானுங்க கேசு. சும்மா குடுக்கறதப் பத்திச் சட்டத்துல..." என்று இழுத்து நிறுத்தினார். "மாட்ட அறுக்கோணும்னாலும் அதுக்கு ஒரு சட்டம், ஒரு சர்ட்டிபிகேட்டு. நஷ்டத்த யாரு தருவாங்கன்னு தொரை கேக்கறாரு. நான் என்னங்க பண்ணறது? நீங்க நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுங்க. பொங்குனதுக்கப்பறமும் கொஞ்ச நேரம் அடுப்புலயே விடுங்க. பயமில்லீங்க."

"பச்சையாக் குடிக்குதுங்க."

"அய்யய்யோ, பச்சையாக் கூடவே கூடாதுங்க!"

துரையிடம் சொல்கிறேன் என்று ஜீப்பில் ஏறினார். ஜீப் பங்களாப் பக்கம் திரும்பவில்லை, கீழே ரோட்டுக்கு இறங்கியது. நான் உள்ளே போனேன். காலையில் வழித்து வைத்த ஆடை கிண்ணத்தில் இருந்தது. சளி போலத் தெரிந்தது. கிண்ணத்தோடு வெளியே எறிந்தேன். கோழிகள் ஓடி வந்து கொத்தின. கல்லெடுத்து அவற்றை விரட்டினேன்.

சாயங்காலம் நாங்கள் குடியிருந்த லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் அண்ணியிடம் சொன்னேன்.

"நீ வாயத் தொறக்குறதே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும். தொறந்தா இதுதானா வரணும்?" என்றார்.

"டாக்டர் சொன்னாரு அண்ணி."

"மாட்டு டாக்டரா? ஒரு கேன் தனக்கு வேணும்னு கேட்டுருப்பாரு. தொரை இல்லேன்னுருப்பாரு. அந்த வயித்தெரிச்சல்ல பேசுறாரு."

குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஒருத்தி சேர்ந்துகொண்டாள். "எட்டாங்கிளாஸ் படிச்சவுகல்ல! நம்ம புள்ளைங்களுக்கு ஒரு நல்லது நடந்தா அவுகளுக்குப் பொறுக்குமா?"

மறுநாளிலிருந்து கேன் வந்ததும் அதை அடுப்பு மேடைக்குக் கொண்டுபோய், முன்னால் மறித்து நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அண்ணி சண்டை போடவில்லை. பங்களாப் பாதையின் வளைவிலேயே மாட்டுக்காரரை நிறுத்தி, அங்கேயே முகந்து கொடுத்துவிட்டு வந்தார். பையனை என் கையில் தரும்போது பால் மீசை இன்னும் ஈரமாக இருக்கும். என் முந்தானையால் துடைப்பேன். பிறகு அந்த முந்தானையை என் மேல் போட்டுக்கொள்ளவே அருவருப்பாக இருக்கும். பிள்ளை மேல் அருவருப்புப் படுகிறோமே என்று அழுகையும் வரும்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது கம்பெனியின் பெரிய ஆட்கள் எஸ்டேட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் பால் குடிப்பதைப் படம் பிடிப்பார்களாம். மடுவம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கப் பட்லர் மத்தியானம் வந்தார். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் மலையிலிருந்து வந்து போகும் நேரம், அண்ணியும் மகனைப் பார்க்க வந்திருந்தார். அண்ணிக்குப் பட்லர் மேல் பெரிய மரியாதை. வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவாரா? அடுப்பில் இருந்த பாலில் சாயம் தூக்கலாகத் தேத்தண்ணி போட்டு, ஆற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

பட்லர் பாதி டம்ளரை ரசித்துக் குடித்தார்.

"அட, சிலோன்காரங்க கைக்கே தனி ருசிங்க!"

"கையில என்னா இருக்கு பட்லரய்யா? எல்லாம் நம்ம பங்களாப் பாலுதான்" என்றார் அண்ணி.

பட்லரின் வாயில் அப்போது ஒரு மடக்கு இருந்தது. அதைப் பிள்ளைகளின் பாய் ஓரத்திலேயே துப்பினார். டம்ளரைப் போட்டுவிட்டு வாசல் ஓடைக்கு ஓடினார். குனிந்து, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்கரித்தார். எல்லாம் வெளியே வந்து பாசி படிந்த சிமெண்டில் பரவியது. மறுபடியும் விரலை விட்டார். பிறகு தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். கொப்பளித்தார், துப்பினார், கொப்பளித்தார். மீசையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அது நான் சுண்டும் வரை கொதிக்க வைத்த பால். குடித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பச்சையாகக் குடித்த பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணிதான் முதலில் பேசினார். குரல் உயரவே இல்லை.

"என்னா பட்லரய்யா ஆச்சு?"

"வயிறு செரியில்லீங்க."

"வயிறு சரியில்லாத ஆளா அப்பிடி ருசிச்சுக் குடிச்சீங்க?"

"எங்க புள்ளைங்க வயித்துக்கு ஆகுறது ஒங்க வயித்துக்கு ஆகாதோ? ஒங்க வயிறு பங்களா வயிறோ?" என்றாள் குழாயடியில் என்னைக் கிண்டல் செய்த அதே பெண்.

பட்லருக்குக் கோபம் வந்துவிட்டது. "விக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அத்தன பாலையும் மண்ணுல கொட்ட மனசு வருமா? பாவம், இல்லாத சனம், குடிக்கட்டுமேன்னுதானே குடுத்தது? காசா வாங்குனோம்?"

அண்ணி என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் கேனைத் தூக்கி வந்து, பட்லர் வாந்தி எடுத்த இடத்திலேயே மிச்சப் பால் முழுவதையும் கவிழ்த்தார். வெள்ளையும் காவியுமாக ஓடை நுரைத்தது. பிள்ளைகள் பாலுக்காக அழத் தொடங்கின. அண்ணியின் மகன் எங்கிருந்தோ ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு தளர்நடையாய் ஓடைக்குப் போனான். நன்றாக நடந்தான். அண்ணி அவனை இழுத்து முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் கேன் வந்தது. யாரும் தொடவில்லை. வாசற்படியிலேயே வெயிலில் நின்றது. மத்தியானத்துக்குள் பால் திரிந்து, மூடியைச் சுற்றி ஈ மொய்த்து, மடுவம் முழுவதும் புளித்த வாடை அடித்தது. சாயங்காலம் மாட்டுக்காரர் தூக்கிப் போனார். அடுத்த நாளும் அதே கதை. பிரட்டில் கங்காணி, "நன்றி கெட்ட சிலோன் கூட்டம்" என்று எங்களைத் திட்டினார். வந்த பெரிய ஆட்கள் மடுவத்துப் பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். படம் பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு லாரி வந்து மாடுகளை ஏற்றிப் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் சந்தைக்கு என்றார்கள். கழுத்தில் சிரைத்த இடத்தில் மயிர் முளைத்து, பார்த்தால் தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. நல்ல கறவை மாடு என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். ஏதோ ஒரு ஊர் டீக்கடையில், ஏதோ ஒரு வீட்டுத் தூளியில் அந்தப் பால் போய்ச் சேர்ந்திருக்கும். விற்கக் கூடாத பாலை விற்கவில்லை, மாட்டை விற்றார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் பட்லரைப் போல விரல் விட்டு ஓங்கரிக்க வேண்டும் போல் இருக்கிறது.

டாக்டர் மறுபடி வந்தபோது மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. ஏதோ எழுதிக்கொண்டார். அண்ணி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். வயிற்றெரிச்சல்காரர் என்று தான் சொன்னவரிடம், "பச்சையாக் குடிச்சிட்டான் அய்யா, நாந்தான் குடுத்தேன்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "காதுக்குக் கீழ, தாடைக்குக் கீழ கட்டி வருதான்னு தடவிப் பாத்துக்கங்க. வந்தா ஒடனே ஆசுபத்திரிக்குப் போயிருங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

எத்தனை நாளைக்குப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதனால் அண்ணி நிறுத்தவே இல்லை. குளிப்பாட்டும்போது சோப்புக் கையோடு கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்தித் தேடுவார். தும்மினால் தேடுவார். தூங்கும்போது தேடுவார். கட்டி ஏதும் வரவில்லை. அவனுக்கோ கூச்சம், நெளிந்து நெளிந்து சிரிப்பான். "சிரிக்காதடா, அசையாம நில்லுடா" என்று அண்ணி அதட்டுவார். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போகிற வயதிலும், வாசலில் நிறுத்தித் தாடையைத் தூக்கி விரல்களை உள்ளே விடுவார். "விடும்மா, பயலுக பாக்குறாய்ங்க" என்று தலையை இழுத்துக்கொண்டு அவன் ஓடுவான்.