கார் பொலிஷ் போட்ட அலைப்பலகை

உலகத்திலேயே அலைச்சறுக்குப் பலகைக்குக் கார் பொலிஷ் போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பலகையின் மேற்பக்கத்தில் மண்ணும் தலைமயிருமாக ஒட்டிக்கிடந்த மஞ்சள் அழுக்கை, அம்மாவின் தோசைக் கரண்டியால் ஒரு பகல் முழுக்கச் சுரண்டி எடுத்தேன். பிறகு நான் வாடகைக்கு ஓட்டுகிற மினிகாப் காருக்குப் பூசுகிற பொலிஷைப் பூசி, முகம் பார்த்துத் தலை வாரக்கூடிய அளவுக்குத் தேய்த்தேன். அந்த அழுக்கின் பெயர் மெழுகு என்பதும், ஏறி நிற்கிறவரின் காலை வழுக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்பதும் எனக்குத் தெரியாது. எனக்கு நீந்தவும் தெரியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது எனக்கு மரியாதை.

பலகை மச்சாளுக்காக. மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. நாங்கள் யாழ்ப்பாணம், அவர் கிழக்குக் கரையில் பொத்துவில். எண்பதுகளில் லண்டனுக்கு வந்த இருவரும் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் அடுத்தடுத்து நின்று பெட்டி ஒட்டினார்கள்; ஒட்டி முடிந்தபோது கல்யாணமும் முடிந்திருந்தது. ஊரிலிருந்து அம்மா வந்து சேர்ந்தபோது, ரெய்னர்ஸ் லேன் வீட்டில் மருமகள் ஏற்கெனவே அடுப்படியைப் பிடித்துவிட்டார். கறியில் அம்மாவால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே பேச்சில் கண்டுபிடித்தார். நாங்கள் ‘பிறகு’ என்னும் இடத்தில் மச்சாள் ‘மறுகா’ என்பார். அவர் ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அம்மா என்னைப் பார்ப்பார், நான் சிரிப்பேன். சும்மா சிரிப்பதுதான் அந்த வீட்டில் எனக்கிருந்த உத்தியோகம்.

ஒரு மத்தியானம் தொலைக்காட்சியில் எவனோ ஒருவன் பெரிய அலையொன்றில் சறுக்கிக்கொண்டிருந்தான். சோற்றுக்கோப்பையோடு வந்த மச்சாள் நின்று பார்த்தார். “பின்காலில பாரம் இல்லை. விழப்போறான்” என்றார். விழுந்தான்.

“உனக்கெப்பிடித் தெரியும்?” என்று அம்மா கேட்டார்.

“நானும் அலையில நிண்டிருக்கன் மாமி.”

அன்றைக்குத்தான் முழுக்கதையும் வந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற அறுகம்பைக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்களாம். நீண்ட தலைமயிர், கையில் காசில்லை, பஸ்ஸின் கூரையில் மட்டும் ஆளைவிட நீளமான பலகை. செத்தால் பெட்டிக்கு மூடி தேடவேண்டாம் என்று கையோடு கொண்டுவருகிறார்கள் என்றுதான் ஊர்ச்சனம் முதலில் நினைத்ததாம். மச்சாளின் தகப்பன் கடற்கரையில் கொட்டில் போட்டு அவர்களுக்குத் தேத்தண்ணியும் முட்டை ரொட்டியும் விற்றார். உடைந்த பலகையைத் திரும்பச் சுமக்கப் பஞ்சிப்பட்டு ஒருவன் விட்டுவிட்டுப் போக, மச்சாளின் அண்ணன்மார் வள்ளத்துக்குப் பூசுகிற பசையால் அதை ஒட்டினார்கள். மச்சாள் முதலில் வயிற்றில் கிடந்து வந்தார், பிறகு முழங்காலில் வந்தார், ஒருநாள் எழும்பி நின்றார். பெரியபிள்ளையானதும் கடல் நின்றது. பலகை கோழிக்கூட்டுக்குக் கூரையானது.

இப்படியொரு கதை என் கையில் கிடைத்தால் விடுவேனா? “கடலுக்கு மேல நிண்டது யேசுநாதர் ஒராள்தான், அவரும் பொத்துவில் இல்லை” என்று ஆரம்பித்தேன். அதன்பின் எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும், அயன் போட்டுத் துணி மினுக்குகிற பலகையை நிலத்தில் போட்டு ஏறி நின்று மச்சாளைப் போல ஆடிக்காட்டுவேன். லண்டனின் மறுபக்கம் நோர்பரியிலிருந்து வருகிற சனமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மச்சாளும் சிரிப்பார். “பலகை ஒண்டு தாங்க தம்பி, காட்டுறன்” என்பார். ஆனால் சொல்லும்போது அவருடைய கண் என்னில் இராது, அண்ணையில் இருக்கும். அந்த மனுசன் வாயைத் திறந்து ஒரு ‘ஓம்’ சொன்னால் போதும், வேறு எவர் நம்பினாலென்ன நம்பாவிட்டாலென்ன என்பதுபோல ஒரு பார்வை. அண்ணை கோப்பையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரும் எங்கள் கட்சி என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் வீடு மாறிய ஒருவர் எறிந்த சாமான்களுக்கிடையில் ஒரு பலகை கிடந்தது. பகிடியை உச்சத்துக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. தூக்கிவந்து, முன்னே சொன்ன திருப்பணிகளைச் செய்து, படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டினேன். “கடற்கரையிலதான் திறப்பு விழா” என்றேன். மச்சாள் துணிக்கு மேலால் விரலால் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பகிடியைக் காணவில்லை. “எப்ப போறம்?” என்றுதான் கேட்டார்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள், காரின் கூரையில் பலகை, மடியில் ஐஸ்கிறீம் டப்பாக்களில் இடியப்பமும் சம்பலுமாக நாங்கள் நான்கு பேர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இருக்கிற கோர்ன்வாலுக்குப் போனோம். கடலைக் கண்டதும் மச்சாள் முதல்வேலையாக உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணையின் ட்ராக் காற்சட்டை, இரண்டு ஜேர்சி, இறுக்கிய கொண்டை. நான் கட்டை அவிழ்த்ததுதான் தாமதம், பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

முதல் அலையில் கால் வைத்தவுடனே வழுக்கி விழுந்தார். அடுத்ததிலும் அப்படியே. மறுபடி எழும்பினார், கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன. கறுப்பு ரப்பர் உடுப்போடு நின்ற வெள்ளைப் பெடியன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கியபோது முதுகில் ஓர் அடி விழுந்தது. அம்மா.

“என்னம்மா? நாங்களும் சிரிக்கிறனாங்கள்தானே!”

“நாங்கள் சிரிக்கலாமடா. அவங்கள் ஆர் என்ர மருமேளைப் பாத்துச் சிரிக்க?”

மச்சாள் பலகையோடு கரைக்கு வந்தார். உள்ளங்கையால் அதைத் தடவினார். மூக்கருகே கையைக் கொண்டுபோனார். “இதென்னகா இது? இதில கிடந்த மெழுகு எங்க?”

“அழுக்கெண்டு சுரண்டிப்போட்டன்,” என்றேன். “மினுங்கட்டுமெண்டு கார் பொலிஷும்…”

அண்ணை முழங்காலை ஊன்றி, தன் புது ஜேர்சியைக் கழற்றி, ஈரமண்ணை அள்ளிப் போட்டுப் பலகையைத் தேய்க்கத் தொடங்கினார். அம்மா கைப்பையைத் திறந்தார். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கரண்ட் போகாத லண்டனிலும் மெழுகுதிரி இல்லாமல் வெளிக்கிடமாட்டார். இரண்டு திரிகளை எடுத்து நீட்டினார். “இது காணுமோ பிள்ளை?” அம்மா அவரைப் ‘பிள்ளை’ என்றதை அன்றுதான் முதலில் கேட்டேன். மச்சாள் திரியை முறித்துத் தேய்த்தார். “ஊரிலயும் இதுதான் மாமி, மறுகா ஒண்டும் தேவையில்லை” என்றார். அந்த மறுகாவுக்கு அம்மா என்னைப் பார்க்கவில்லை.

மச்சாள் திரும்பவும் கடலில் இறங்கி, அடுத்த அலையைப் போகவிட்டார். அதற்கடுத்ததையும் விட்டார். பிறகு வந்த ஒன்றில் திரும்பிப் பலகையில் கிடந்து, கைகளால் தண்ணீரை வலித்து, ஒரு பூனை மதிலில் ஏறுவதுபோல எழும்பி நின்றார். நின்றார் என்றால், அலை வெளுத்து உடைந்து கரைக்கு வந்து சேரும்வரை, ட்ராக் காற்சட்டை படபடக்க, முழங்கால் மடித்து நின்றார். பெடியன்களின் விசில் இப்போது வேறு விசிலாக இருந்தது. அம்மா, “விழுந்திடாதை பிள்ளை!” என்று கத்திக்கொண்டே கைதட்டினார். நான் துள்ளியதில் சம்பல் டப்பா மண்ணில் கவிழ்ந்தது. அண்ணை எங்கே என்று பார்த்தால், சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்.

உயிரோடு இருந்தவரைக்கும் அம்மா, மருமகளை முதலில் நம்பியது தான்தான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். வேகத்துக்குக் காரணம் என் பொலிஷ்தான் என்று நானும் சொல்லித் திரிகிறேன். பேரப்பிள்ளைகள் கண்ட மச்சாளோ இன்றைக்கும் ஓகஸ்ட் வந்தால் கோர்ன்வாலுக்குப் போகிறார். இப்போது அவரிடம் முறையான ரப்பர் உடுப்பும் மெழுகும் இருக்கின்றன. அண்ணை சப்பாத்தைக் கழற்றப் பழகிவிட்டார். போன ஓகஸ்டில் நானும் போயிருந்தேன். மச்சாள் தண்ணீரில் நின்று அலை பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணையிடம், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

“சொல்லுங்கோ அண்ணை, அண்டைக்கு எந்த இடத்தில நம்பினனீங்கள்? அவ எழும்பி நிக்கேக்கையோ, இல்லைக் கரைக்கு வந்தாப் பிறகோ?”

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் எப்பயடா நம்பாமல் விட்டனான்?”