நெஞ்சில் இருந்த சாட்சி

ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே நான் மயங்கிச் சாய்ந்தேன். பிரியாணியைப் பார்த்தே மயங்கியவள் என்று ஊரில் பெயர் வாங்கினேன். அதே மாதம் இன்னொரு முறை விழுந்ததும், தஞ்சாவூர் டாக்டர் இடது மார்பில் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியைச் செருகினார். இதயம் தாளம் தப்பினால் அது குறித்துக்கொள்ளும். கட்டிலருகே வைத்த பெட்டி அந்தக் குறிப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

அந்தப் பெட்டிக்குக் காவல்காரர் என் கணவர். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும், பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

"என் மூஞ்சியையும் ஒரு தடவை பாருங்க" என்பேன்.

"மூஞ்சி எங்க போயிடப் போவுது?" என்பார்.

போனது அவர்தான். கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார், மாரடைப்பு. காவல் வைக்க வேண்டிய நெஞ்சை விட்டுவிட்டு என் நெஞ்சில் வைத்திருக்கிறோம். இந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

அடக்கம் செய்ய அவருடைய மையித்தைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. நாத்தனார் என் காதில் விழும்படியே, "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலயே, என்ன மனசோ" என்றார். கண் அழாவிட்டால் என்ன, இதயம் அன்று தடுமாறியிருக்கும், உள்ளே இருப்பது அதைக் குறித்திருக்கும் என்று நம்பினேன். கணவரை இழந்தவளாக வெளியே போகாமல் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

நாலாம் மாதம் கருவியின் பேட்டரி தீர்ந்துபோனது. இத்தா முடிந்ததும், அதை எடுத்துவிட மகள் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள், கார் ஊர்ந்தது.

"பயமா இருக்கா உம்மா?"

இல்லை என்றேன். பயம்தான், ஆனால் கத்திக்கு இல்லை.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி எடுத்துவிட்டார். பேனா மூடி அளவுகூட இல்லை. அவர் கையுறையைக் கழற்றும்போது கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரங்க மவுத்தான அன்னிக்கு என்ன பதிவாயிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்."

கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒண்ணும் பதிவாகலம்மா. எல்லா நாளும் மாதிரிதான் துடிச்சிருக்கு. நல்ல சேதிதானே?"

இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். என் வீட்டுக்காரர் இல்லாமல் போன காலையிலும் இந்தப் பாழும் நெஞ்சு ஒரு துடிப்புக்கூடத் தவறாமல் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. நாத்தனார் சொன்னது சரிதான் போல என்று நினைத்ததும் உடைந்துவிட்டேன். குலுங்கிக் குலுங்கி அழுதேன். இதயம் தறிகெட்டு அடித்தது. கருவி தட்டில் கிடந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் பதறிப்போனாள். "ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்குதும்மா" என்றேன். என் கணவர் போனபின் அந்தச் சொல் என் வாயில் வந்தது அன்றுதான்.