கயிற்றில் எனக்குப் பின்னால்

என் கணவரின் முகத்தை விட முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். ஞாயிறு பூசைக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் அதுதான் முறை. மெல்பேர்னுக்கு வந்து, வெரிபீயில் வீடு வாங்கி, பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போன பிறகும் அது மாறவில்லை. ரயிலில் அவர் ஏறி உட்கார்ந்து விடுவார். கதவு மூடுவதற்குள் நான் ஓடி வர வேண்டும். திரும்பிப் பார்க்கவே மாட்டார். எப்படியும் வந்து விடுவேன் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் எனக்கு எரிச்சல்.

நோர்வேயில் இருக்கும் மச்சாள், அவருடைய தங்கை, எங்களைக் கோடைக்கு வரச் சொன்னாள். மலைகளுக்கு நடுவே கடல் நெடுந்தூரம் உள்ளே புகுந்து கிடக்கும் ஊர் அவளுடையது. அங்கே வழிகாட்டியோடு பனியாற்றின் மேல் நடக்கலாம் என்று அறிந்ததும் இரண்டு பேருக்கும் பதிவு செய்து விட்டேன்.

"உமக்கு ஏலாதப்பா," என்றார் அவர். "நீர் தங்கச்சியோட இரும். நான் போட்டு வாறன்."

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். நாள் முழுக்க நிற்கிற கால்களுக்கு ஏலாது என்று, நாள் முழுக்க கதிரையில் இருந்து கணினியைப் பார்க்கிற மனிதர் தீர்ப்புச் சொன்னார். வேலையில்லாத நாட்களில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் யூ யாங்ஸ் மலைக்குப் போய் ஏறி இறங்கத் தொடங்கினேன். அவர் கிரிக்கெட் பார்த்தார்.

பனியைப் பார்க்கிற ஆசை இருந்ததுதான். ஆனால் அதை விடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. ஒரு நாளாவது அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும். அதை வாய் விட்டுக் கேட்க என் வீம்பு விடவில்லை.

அன்று காலை காட்டுப் பாதையில் ஏறும்போதும் அவர் விறுவிறு என்று முன்னால் போய் விட்டார். பனியின் விளிம்பில் நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் வழிகாட்டிப் பெண்ணிடம் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மனைவி இங்கேயே இருப்பாள், அவளுக்குக் கஷ்டம் என்றார்.

"இல்லை, நான் வருகிறேன்," என்று ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் நேரே சொன்னேன்.

அவள் சிரித்தாள். எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். நாங்கள் ஏறி வந்ததை மேலிருந்து பார்த்திருக்கிறாள். சீராக நடக்கிறவர்தான் தனக்குப் பின்னால் வர வேண்டும் என்று சொல்லி என் இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கட்டினாள். எனக்குப் பின்னால் அவரைக் கட்டினாள். அவருக்குப் பின்னால் இரண்டு ஜெர்மன் மாணவர்கள்.

சப்பாத்துக்கு அடியில் இரும்பு முட்கள் பூட்டி நடந்தோம். கயிறு விறைக்கவும் கூடாது, தொய்ந்து காலில் சிக்கவும் கூடாது. என்னவர் அவசரப்பட, கயிறு அவர் காலடியில் குவிய, வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி அவரைக் கண்டித்தாள். இரண்டு மூன்று தரம் நடந்தது. என்னைத் தவிர வேறு ஒரு பெண்ணிடமும் இந்த மனிதர் இவ்வளவு பேச்சு வாங்கியதில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

பிறகு ஒரு வெடிப்பு வந்தது. ஒரு எட்டில் தாண்டலாம். ஆனால் உள்ளே நீலமாக, அடி தெரியாமல் இறங்கியது. வழிகாட்டி தாண்டினாள். நானும் தாண்டினேன். இரண்டடி வைத்ததும் கயிறு என்னைப் பின்னால் இழுத்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் வெடிப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை. அவரைக் கேலி செய்ய வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. பாவமாக இருந்தது.

"இஞ்சரும், நான் திரும்பிப் போறன். நீர் போட்டு வாரும்."

"கயித்தில கட்டின பிறகு எங்க தனியப் போறது? கீழ பாக்காதேங்கோ. என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வாங்கோ. நான் இவ்வளவு காலமும் அப்பிடித்தானே வாறன்."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாண்டினார். அதற்குப் பிறகு கயிறு ஒரு தரமும் இழுக்கவில்லை, தொய்யவும் இல்லை. கீழே வந்து பட்டியைக் கழற்றும்போது, "நீர் நல்லாத்தான் நடக்கிறீர்," என்று மட்டும் சொன்னார்.

வெரிபீக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை அரிசி வாங்கப் போனோம். காரைப் பூட்டியதும் அவர் வழக்கம் போல் முன்னால் நடந்தார். எனக்கு மனம் விட்டுப் போயிற்று. அவ்வளவு தூரம் போய் வந்தும் இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

கார் நிறுத்துமிடத்தின் நடுவில் அவர் சட்டென்று நின்றார். பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. அவர் அசையாமல் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, கயிறு இழுக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம், இழுக்குது. வாரும்."

நான் போய்ச் சேரும் வரை நின்றார். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கடைக்கு நடந்தோம். என் கண் கலங்கியதை அவர் கண்டுவிட்டார். பின்னால் நடந்த காலத்தில் அதை மறைப்பது சுலபமாக இருந்தது.