நான் எழுதிய வாய்க்கட்டு

மந்திரம் என்றால் என்ன என்று மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வரி உருப்படியாக வரவில்லை. தபால் வழியில் எம்.ஏ. வரலாறு. பழைய கிரேக்க, ரோம மந்திரத்தை அறிஞர்கள் எப்படி வரையறுக்கிறார்கள் என்று கட்டுரை தர வேண்டும். கடவுளைக் கெஞ்சினால் மதம், மிரட்டி வேலை வாங்கினால் மந்திரம் என்கிறார் ஒருவர். அப்படிக் கோடெல்லாம் கிடையாது, நாம் செய்தால் பூஜை, அடுத்தவன் செய்தால் மந்திரம், அவ்வளவுதான் என்கிறார் இன்னொருவர். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். ரிஷிவந்தியம் சாலையை மறிக்கப் புளியமரத்தை வெட்டிப் போட்டதாகத் தம்பி மேல் வழக்கு; பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். போலீஸுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அங்கே டீக்கடை வைத்திருந்தவர். எனக்கு மாமா முறை. அவர் வாய் திறந்தால் தம்பிக்கு ஜெயில்தான்.

சாட்சி வாய் திறக்காதபடி மலையில் வாய்க்கட்டு மந்திரம் போடுவார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா பஸ் பிடித்து மலைமேல் இருக்கும் கரியாலூர் போனாள். எரிச்சலோடு திரும்பி வந்தாள்.

"அங்க இருக்கிற பெரியவரு இன்னா சொல்றாரு தெரியுமா? நாங்க சாமி கும்புடுறதோட சரி, சூனியம்லாம் கீழ இருக்கிற உங்க வேலன்னுட்டாரு!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிரேக்கர்களும் இப்படித்தான், மந்திரம் என்றால் பாரசீகர்கள் பக்கம் கையைக் காட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கு என்று வந்தால் அதே கிரேக்கர்கள் எதிராளியின் நாக்கைக் கட்டும்படி பாதாள தெய்வங்களிடம் சொல்லி, ஈயத் தகட்டில் அவன் பெயரைக் கீறிப் புதைப்பார்கள் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப நீயே எழுது."

"அம்மா, இது ஆராய்ச்சிம்மா."

"இன்னாடி ஆராய்ச்சி? கூடப் பொறந்தவன் உள்ள கெடக்கிறான், இவ புஸ்தகத்த கட்டிக்கினு அழுவுறா!"

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஈயம் கிடைக்கவில்லை என்று செப்புத் தகடு வாங்கி வந்தாள். மாமாவின் பெயரை எழுதி, நாக்கைக் கட்டுகிறேன் என்று ஆணியால் கீறினேன். நம்பினேனா? சத்தியமாக இல்லை. நம்பாதவள் எதற்காக எழுத்துப் பிழை வராமல் இரண்டு தடவை சரிபார்த்தேன்? இன்றைக்கும் புரியவில்லை. அம்மா அதை டீக்கடை வாசலில் புதைத்துவிட்டு வந்தாள்.

கோர்ட்டில் மாமா, "நான் பாக்கலீங்க" என்றார். தம்பி விடுதலை. அம்மா சூடம் கொளுத்தினாள். தகடு பலித்ததா, அவரே மனசு வைத்தாரா என்று குழம்பிக்கொண்டே நன்றி சொல்லப் போனேன்.

மாமா கல்லாப்பெட்டியிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து என் முன் வைத்தார். பட்டாளத்தில் இருக்கும் அவர் மகனுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான். என் எழுத்து அவருக்குத் தெரியாதா?

"கோர்ட்டுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னவே கெடச்சிது. வாசலக் கூட்டுறப்ப," என்றார். "மரம் வெட்டுனத நான் பாத்தேன்தான். அதுக்குன்னு நம்ம வூட்டுப் புள்ளய மாட்டி வுடுவனா? பாக்கலன்னு சொல்லணும்னு அவனப் புடிச்சிக்கினு போன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.