இடப்பக்கத்துச் சக்கரம்

உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் போகும் வழியில், பழைய கார்களை மட்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் சுஃப்யான் சீட் தைக்கிறார். பின்பக்கம் சக்கரமும் பிரேக்கும் அவர் மனைவி ஜன்னத்தின் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் அவளும் தைக்கத்தான் வந்தாள். ஒருநாள் பிரேக் வேலையைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போன ஆள் சாயங்காலம்வரை திரும்பவில்லை. கார்க்காரர் காத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே தைத்தவள், எழுந்து போய் ஒவ்வொன்றாக மாட்டினாள். பிறகு வந்த ஆள் முழுக்கச் சரிபார்த்தார்; எதையும் மாற்றவில்லை. அதற்கப்புறம் தையல் மெஷின் பக்கம் அவள் போவது குறைந்துபோனது.

காட்டூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஏசுவடியானின் டாட்ஜ் கார், ஒரு நாள் லாரிமேல் ஏறி அங்கே வந்து சேர்ந்தது. அவருடைய மாமனார் ஆசையாக வைத்திருந்த கார் அது.

"கருமத்தம்பட்டிகிட்ட பஞ்சருங்க" என்றார் ஏசுவடியான். "நட்டு கழலவே மாட்டேன்னுருச்சு. ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி ரெண்டு பேரு ஏறி மிதிச்சாங்க. ஸ்டட்டு ஒடிஞ்சுபோச்சு."

ஜன்னத் குத்தவைத்துப் பார்த்தாள். சக்கரத்தைத் தாங்கும் அந்த ஸ்டட்டுகளில் இரண்டு முறிந்திருந்தன. மீதியின் முனையைத் துணியால் துடைத்தாள். ஒவ்வொன்றிலும் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது.

"அண்ணா, எல்லுன்னா லெஃப்டுங்க. இந்தக் காருக்கு இடப்பக்கத்துச் சக்கரத்துல மரை எதிர்ப்பக்கமா ஓடுமுங்க. நீங்க கழட்டறதா நெனச்சு மிதிச்சது, இறுக்கற பக்கமுங்க."

ஏசுவடியான் தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணன் மகள் டீனாவுக்குப் பொள்ளாச்சி சர்ச்சில் கல்யாணம். பெண்ணை அந்தக் காரில்தான் அழைத்துப்போவதென்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அதற்கு அதிக நாள் இல்லை.

"சாதா மரையிலயே ரெண்டு போட்டுருங்க அம்மணி. யாரு பாக்கப்போறாங்க?"

"ஒரே சக்கரத்துல ரெண்டு தினுசு மரை இருந்தா, நாளைக்குக் கழட்டறவங்க இதே மாதிரி ஒடிச்சுப்போடுவாங்க. அது வேண்டாமுங்கண்ணா. மீதி இருக்கறதும் முறுக்கு வாங்கியிருக்கு. இந்தச் சக்கரத்துக்கு எல்லாமே புதுசாப் போட்டறலாமுங்க."

அந்த ஸ்டட் கோவையில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் வம்சியிடம் பழைய ஸ்டட் ஒன்றைக் கொடுத்து, அதே உறுதியான இரும்பில் அதேபோலக் கடையச் சொன்னாள். அவன் செய்து அனுப்பியவை பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றை எடுத்து, சக்கரம் மாட்டுகிற ஹப்பின் துளையில் வைத்தபோது விரலால் தள்ளியதற்கே உள்ளே போய்விட்டது. அப்படிப் போகக்கூடாது. ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பல்வரிசை துளையைக் கவ்வ வேண்டும். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றும்.

"பின்னால ஒரு பொட்டு வெல்டிங் வெச்சுக்கலாமேக்கா" என்றான் வம்சி.

"சூடு பட்டா அந்த எடத்துலயே ஒடியும் தம்பி. கழுத்தை மட்டும் கொஞ்சம் தடிமனா விட்டு மறுபடி கடைஞ்சு குடு."

அவன் முணுமுணுத்தான். ஆனாலும் கடைந்து கொடுத்தான்.

இரண்டாவது முறை வந்தவற்றை அவள் சுத்தியலால் அடிக்கவில்லை. ஹப்பைப் பிரஸ்ஸில் ஏற்றி, ஒவ்வொன்றையும் நேராக நிறுத்தி மெதுவாக அழுத்தினாள். தலை ஹப்போடு படிந்திருக்கிறதா என்று பின்புறம் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். காரில் மாட்டி, சக்கரத்தை வைத்து, எல்லா நட்டையும் முதலில் கையாலேயே சுற்றினாள். பிறகு ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே இருப்பதை, இப்படி மாற்றி மாற்றி. ஜாக்கியை இறக்கியபின் டார்க் ரெஞ்சை எடுத்தாள். இறுக்க வேண்டிய அளவு வந்ததும் 'டக்'கென்று சொல்லும் ஸ்பேனர் அது. அந்தச் சத்தத்துக்குமேல் ஒரு நூல்கூட அவள் இழுக்கவில்லை.

"கொஞ்சம் ஓட்டிப்போட்டு மறுபடி கொண்டாங்கண்ணா. புது ஸ்டட்டு உக்காரும்போது நட்டு தளரும். கல்யாணத்துக்கு முன்னால ஒருக்கா இறுக்கோணும்."

ஏசுவடியான் சரியென்று போனார். பத்திரிகை வைக்க, ஜவுளி எடுக்க, உறவுக்காரர்களை அழைத்துவர என்று கார் ஓடிக்கொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப் பக்கம் மட்டும் வரவில்லை. ஜன்னத் இரண்டுதரம் போன் செய்தாள். "வாரேனுங்க" என்றார்.

கல்யாணத்துக்கு அவர்களுக்கும் அழைப்பு இருந்தது. காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஜன்னத் டார்க் ரெஞ்சைப் பையில் வைத்தபோது, "கல்யாணத்துக்கா போறோம், வேலைக்கா?" என்று சுஃப்யான் கேட்டார். ஸ்கூட்டரில் அந்த நீளப் பை அவர் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது.

காட்டூர் வீட்டு வாசலில் டாட்ஜ் பூமாலையோடு நின்றது. ஏசுவடியான் அவளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மறந்தே போயிட்டனுங்க அம்மணி. இப்ப நேரமாச்சு. பொள்ளாச்சி போய்ப் பாத்துக்கலாம், ஃபாதர் காத்துட்டிருப்பாரு."

"அங்க போறதுக்குத்தானுங்கண்ணா சக்கரம் வேணும்."

வெள்ளைச் சேலையில் டீனா வெளியே வந்தாள். என்னவென்று கேட்டுக்கொண்டாள். "அக்கா பாக்கட்டும் சித்தப்பா. நான் இல்லாம அங்க ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னத் கழற்றிய சக்கர மூடியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். பூச்செண்டு ஒரு கையில், மூடி ஒரு கையில்.

பேப்பரை விரித்து ஜன்னத் முழங்காலிட்டாள். முதல் நட் அசையாமல் 'டக்' என்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது நகர்ந்தது. அவள் இழுக்க இழுக்க, கால் சுற்றுக்குக் கிட்டத்தட்ட வந்தபின்தான் சத்தம் கேட்டது. குனிந்து நின்ற ஏசுவடியான் அதைப் பார்த்தார். இந்தக் காரில்தான் முந்தின நாள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மதுக்கரைவரை போய்வந்திருந்தார்.

"நீங்க வராம இருந்திருந்தா..."

"கல்யாண ஊட்டுல மறக்கறது சகஜமுங்கண்ணா. அதான் நானே வந்துட்டேன்." மீதி நட்டுகளையும் பார்த்துமுடித்து, டீனாவிடமிருந்து மூடியை வாங்கித் தட்டி மாட்டினாள். டீனா கைக்குட்டையை நீட்டினாள். அது அழுக்காகிவிடும் என்று ஜன்னத் விரித்த பேப்பரிலேயே கையைத் துடைத்தாள்.

"முன்சீட்டுல உக்காருங்கக்கா, எங்ககூடயே வாங்க" என்றாள் டீனா. சுஃப்யான் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைத் திருப்பினார்.

ஈச்சனாரி தாண்டும்வரை பின்சீட்டில் பாட்டும் கேலியுமாக இருந்தது. ஜன்னத் கண்ணாடியை இறக்கிவிட்டு, இடப்பக்கச் சக்கரத்தின் ஓட்டத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். கிணத்துக்கடவில் வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. சத்தம் சீராகத்தான் இருந்தது. அப்போதுதான் அவள் திரும்பி உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள்.