கதவு உள்ள அறை

குமுதவல்லிக்கு முப்பத்தெட்டு வயது. மலேசியாவின் செனாவாங்கில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை. இரண்டு பகல், இரண்டு இரவு, இரண்டு நாள் ஓய்வு. ஓய்வில் ஒரு நாள் தூங்கியே போய்விடும். கணவன் கணேசமூர்த்தி செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுவதால் வீடு இன்னும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தான்.

அவளிடம் வேலை பழகிய மூன்று பேர் இப்போது அவளுக்கு மேலே இருந்தார்கள். மூவரிடமும் எம்பிஏ இருந்தது. வேலை செய்கிறவர்களுக்கு முழு உதவித்தொகையுடன் வார இறுதி எம்பிஏ தரும் ஒரு கல்லூரி கோலாலம்பூரில் இருப்பதை ரோகினிதான் கைப்பேசியில் காட்டினாள். ரோகினிக்கு அவளுக்கு அடுத்த மேசை. குமுதவல்லி தொலைக்கல்வியில் வாங்கிய பட்டத்தில் மதிப்பெண் குறைவு. அதை ஈடுகட்ட நுழைவுத் தேர்வில் அறுநூற்றைந்து எடுக்க வேண்டும். கடைசி நாள் நவம்பர் முப்பது. ஜிமேட், ஜிஆர்இ இரண்டில் எதை எழுதினாலும் சரி; ஜிஆர்இ என்றால் அதற்கு இணையான மதிப்பெண்.

முதலில் ஜிஆர்இ புத்தகம் வாங்கினாள். அதில் சொற்கள்தான் அதிகம். ஒவ்வொரு நாளும் கேன்டீனில் ரோகினி கேட்பாள்.

"என்னா அக்கா, இன்னிக்கு என்னா வார்த்த?"

குமுதவல்லி ஒன்றைச் சொன்னாள்.

"அப்படின்னா?"

"வாய் ஓயாம பேசறவங்களாம்."

"அதுக்கு நம்ம சூப்பர்வைசர் பேரே போதுமே லா."

பகல் சிப்டில் ஐம்பது சொல் படித்தால் இரவு சிப்டு முடியும்போது முப்பது காணாமல் போயிருந்தது. இரண்டு மாதம் அப்படிப் போனது. பிறகு ஜிமேட் மாதிரித் தாள் ஒன்றைப் பார்த்தாள். அதில் ஒரு பகுதி முழுக்க வரைபடங்களும் அட்டவணைகளும். கொடுத்த தகவல் முடிவெடுக்கப் போதுமா, போதாதா என்று கேட்டார்கள். இயந்திரத்தை நிறுத்தலாமா வேண்டாமா என்று அவள் தினமும் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வது அதைத்தான். ஜிஆர்இ புத்தகத்தை அலமாரிக்கு மேலே போட்டாள்.

கணக்குப் பகுதிக்குக் கால்குலேட்டர் கிடையாது. வேலை செய்யும் அறைக்குள் காகிதமோ கைப்பேசியோ கொண்டுபோகக் கூடாது. ஆகவே ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, முகமூடியும் வெள்ளை அங்கியும் போட்டு உள்ளே போவாள். சிப்டு முடிவதற்குள் விடை வந்துவிடும். சில நாள் விடை வரும்போது கேள்வி மறந்திருக்கும்.

தேர்வு மையம் கோலாலம்பூரில். அங்கே காலியாக இருந்த தேதிகள் எல்லாம் அவளுக்கு வேலை நாள். அம்மாவை மருத்துவமனையில் வைத்திருந்தபோதே அவளுடைய விடுப்பு நாட்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. வீட்டிலிருந்தே எழுதலாம் என்றிருந்தது. அதற்கான விதிகளைக் கணேசமூர்த்திக்கு வாசித்துக் காட்டினாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. எழுதும்போது யாரிடமும் பேசக் கூடாது. அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

"நம்ம ரூமுக்கு ஏது கதவு?" என்றான்.

திரைச்சீலைதான் இருந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

மூடிக் கிடந்த பழைய டிஸ்பென்சரியின் கதவை தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் கேட்டுக் கழற்றி வந்தான். நிலையில் பொருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அடிப்பக்கம் சிமெண்டுத் தரையில் இடித்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால் சாத்தியது.

நவம்பர் ஒன்பது, ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. முந்தைய நாளே கணேசமூர்த்தி லயம் முழுக்கச் சொல்லிவைத்தான். சத்தம் உள்ளே போகக் கூடாதென்று வீட்டின் முன்கதவையும் சாத்தினான். கணினித் திரையில் கண்காணிப்பாளர் மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார். சுவரில் இருந்த முருகன் காலண்டரை எடுக்கச் சொன்னார். எடுத்தாள்.

மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம். வரிசை அவள் விருப்பம். கை பழகிய வரைபடப் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். கணக்கில் இரண்டு மூன்று தடுமாறின. படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி பரவாயில்லை. லயம் ஊமையாக இருந்தது.

பதினொன்றுக்கு ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஆரன் அடித்துக்கொண்டு வருவார். அவரைத் தோட்டத்து முனையிலேயே நிறுத்தக் கணேசமூர்த்தி நடந்து போனான். அந்த நேரத்தில்தான் பின்பக்கத்து லயத்து ராக்கம்மா வந்தாள். ஒரு வாரமாகக் கோலா கிளாவாங்கில் மகள் வீட்டில் இருந்தவளுக்குத் தேர்வு பற்றி எதுவும் தெரியாது. கையில் சமையலுக்கு ஒரு கட்டு பெத்தாய்க் காய்.

பகலில் லயத்தில் யாரும் முன்கதவைச் சாத்துவதில்லை. வெளியூர் போனால் சாத்துவார்கள். ஆனால் இரண்டு மோட்டாரும் வாசலில் நின்றன.

"குமுதா! ஏ குமுதா!"

குமுதவல்லியின் திரையில் ஒரு வரைபடம் இருந்தது. பதில் சொன்னால் தேர்வு ரத்து.

"கதவு சாத்தியிருக்கே! மோட்டார் நிக்கிதே! ஐயோ, யாருக்கு என்னா ஆச்சி? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு புள்ள!"

பதில் வராததால் குரல் உயர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் கை விழுந்தது. கண்காணிப்பாளரின் செய்தி திரையில் வந்தது. வேறு குரல் கேட்கிறது, பதில் பேசாதீர்கள், அறையைச் சுற்றிக் காட்டுங்கள். கணினியைத் தூக்கி நான்கு சுவரையும் கதவையும் காட்டினாள். கடிகாரம் நிற்கவில்லை.

வெளியே கணேசமூர்த்தி ஓடிவரும் சத்தம்.

"அக்கா! பரீட்ச எழுதுது, கத்தாதீங்க!"

"இந்த வயசுலயா?"

"மெல்லப் பேசுங்க!"

"நான் மெல்லத்தான்டா பேசறேன்!"

அவள் உட்கார்ந்தபோது ஐந்து கேள்விகளும் மூன்று நிமிடமும் இருந்தன. ஒன்றைப் படித்துப் போட்டாள். நான்கைப் படிக்காமல் போட்டாள்.

திரையில் மதிப்பெண் வந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

எழுந்து கதவை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே இருந்து அவன் தள்ளினான். "தள்ளி நில்லு குமுதா" என்று ஒரு உதை விட்டான். கதவு திறந்தது.

அவன் பின்னாலேயே வந்த ராக்கம்மா கேட்டாள்.

"என்னாலதானா புள்ள?"

"பத்து மார்க்குதான் கொறஞ்சிச்சிக்கா. கணக்குலயும் கொஞ்சம் போச்சி."

கணேசமூர்த்தி கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். "கழட்டிடவா?"

பதினாறு நாள் கழித்து மறுபடி எழுதலாம். மதிப்பெண் கல்லூரிக்குப் போய்ச் சேர ஐந்து நாள் வரை ஆகும். இருபத்தைந்தாம் தேதி, பகல் சிப்டு. அடுத்த குழுவில் யாரிடமாவது சிப்டு மாற்றிக் கேட்க வேண்டும்.

"வேணாம். அடியில கொஞ்சம் சீவி விடுங்க" என்றாள். பிறகு ராக்கம்மாவைப் பார்த்தாள். "இருபத்தஞ்சாம் தேதி மக வீட்டுக்குப் போய்டாதீங்க. நீங்கதான் வாசல்ல ஒக்காரணும்."

"ஒக்காருறேன். ஒரு ஈ உள்ள வராது."

ஏழு மணிக்கு இரவுச் சிப்டு. குமுதவல்லி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ராக்கம்மா பெத்தாயை அடுப்படியில் வைத்துவிட்டு, போகும்போது முன்கதவை அகலமாகத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.